பல் வைத்தியமும் காற்றுச் சுத்தமும்

(வட்டார வளர்ச்சி அலுவலர், தேனி மாவட்டம்)

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் நாட்டுப் பழமொழி. பல்லின் அருமையைப் பகலில் மறந்திருப்பவரும் வலி கண்ட இரவில் அதனை நன்கு உணர்வர். முற்காலத்தில் கிராமங்களில் பல்வலி என்றால் கிராம்பும் உப்பு நீருமே கதியாக இருந்தன. இன்று அந்நிலை மாறிவிட்டது. தேனி மாவட்டத்தில் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், பெரியகுளத்திலுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் பல் சிகிச்சைக்காகக் கிராம மக்கள் வந்து செல்கின்றனர். கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களில் தனியார் பல் வைத்தியசாலைகளும் பெருகியுள்ளன. வேளாண் வேலைக்கு நடுவே அரைநாள் ஒதுக்கினால் பல்லைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பலாம் என்ற நம்பிக்கை மக்களிடையே பிறந்திருக்கிறது. இது மகிழ்ச்சிக்குரிய விஷயம்.

வசதி பெருகுமிடத்து அதனைப் பாதுகாப்புடன் பயன்படுத்தும் அறிவும் பெருகுதல் வேண்டும். மற்ற வைத்தியங்களில் நோயாளி முகக்கவசம் அணிந்தபடியே சிகிச்சை பெறலாம். பல் வைத்தியரிடமோ வாயைத் திறந்தே ஆக வேண்டும். ஒருவர் நெடுநேரம் வாயைத் திறந்திருக்க, மற்றொருவர் அவர் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் குனிந்து வேலை செய்ய, அவ்வேலையில் நீர்த்திவலைகளும் பறக்கின்ற சிகிச்சை பல் சிகிச்சையாகும். ஆகவே இன்புளூயன்சா, கொரோனா போன்ற சுவாச நோய்களின் வைரஸ் கிருமிகள் அந்த அறையின் காற்று மூலமாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாமல் தடுப்பது எவ்வாறு என்பதை யாவரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

நாம் வைத்தியர்கள் அல்லோம். வைத்தியர் எந்தக் கருவியை எவ்வாறு கையாள வேண்டும் என்று கூறுவது நமது வேலையும் அன்று. ஆயினும் கட்டடம், ஜன்னல், விசிறி, தாழ்வாரம், மக்கள் கூடும் முறை ஆகியவை பஞ்சாயத்துகளும் வளர்ச்சித் துறையும் அன்றாடம் கையாளும் விஷயங்கள். காற்றின் வழியே பரவும் நோயைத் தடுப்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அதனாலேயே இவ்விஷயத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் விளக்க முன்வந்துள்ளோம்.

2020-ஆம் ஆண்டு புகட்டிய பாடம்

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச்சு மாதம் 7-ஆம் தேதி கண்டறியப்பட்டார். அம்மாதம் 25-ஆம் தேதி முதல் நாடெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. நோயைக் கண்டறிவதற்காக மாநிலத்தில் தொடக்கத்திலேயே இயங்கிய சில சோதனைக்கூடங்களுள் தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் சோதனைக்கூடமும் ஒன்று. கேரள எல்லையை ஒட்டியது நமது மாவட்டம். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மலைப்பாதைகளின் வழியே ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து நாள்தோறும் சென்று திரும்பும் பகுதி இது. ஒரு வீட்டில் புகுந்த சுவாச நோய் எத்தனை விரைவில் ஊர் விட்டு ஊர் செல்லும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்நாட்களில் பல் வைத்தியசாலைகள் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தன. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே மாதம் 19-ஆம் தேதி பல் வைத்தியர்களுக்கென வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டது. நோய் மிகுந்த பகுதிகளில் அவசரச் சிகிச்சை மட்டுமே அளிக்கலாம் என்றும், அறையின் காற்று எத்திசையிலிருந்து எத்திசைக்குச் செல்ல வேண்டும் என்றும் அக்குறிப்புகள் எடுத்துரைத்தன. காற்றின் போக்கைப் பற்றி அன்று சொல்லப்பட்ட கருத்துகள் பெரும்பொருட் செலவின்றி எந்தச் சிற்றூரிலும் கைக்கொள்ளத்தக்கவை.

ஆனால் அதே காலத்தில் மக்களின் கவனமெல்லாம் வேறிடத்தில் இருந்தது. தெருத்தெருவாகக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. மனிதர்கள் மீதே மருந்தைத் தெளிக்கும் சுரங்கவழி ஒன்று 2020 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் திருப்பூர்ச் சந்தையில் அமைக்கப்பட்டு, பல ஊர்களிலும் அது பின்பற்றப்பட்டது. மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிப்பது தீங்கு பயக்கும் என மத்திய சுகாதார அமைச்சகம் அம்மாதத்திலேயே அறிவுறுத்தியது. தெருக்களில் மருந்து தெளிப்பதால் பயன் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அடுத்த மே மாதத்தில் தெரிவித்தது. கையையும் தரையையும் கழுவுதல் நல்லதே; அதனை யாரும் கைவிட வேண்டா. எனினும் சுவாச நோய்க் கிருமி முக்கியமாகத் தங்கியிருக்கும் இடம் நாம் மூச்சுவிடும் காற்றே என்பது ஆராய்ச்சிகளால் சிறிது சிறிதாகத் தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், பெரிய துளிகள் மட்டுமின்றி நுண்ணிய துகள்களும் காற்றின் வழியே நோயைக் கொண்டுசெல்கின்றன என்பதற்கு ஏற்பச் சொற்களையே திருத்தி அமைத்தது.

திராட்சைத் தோட்டம் கற்பிக்கும் உண்மை

காற்றில் கிருமி எவ்வாறு மிதக்கும் என்ற கேள்விக்குக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு விடை தெரியும். பன்னீர்த் திராட்சைப் பந்தலில் மருந்தடிக்கும் நாளை நினைத்துப் பார்க்கலாம். விசைத்தெளிப்பானின் முனையிலிருந்து வரும் மருந்து நீரில் பெரிய துளிகள் அருகிலேயே விழுந்து இலையையும் மண்ணையும் நனைக்கின்றன. நடுத்தரத் துளிகள் சிறிது தூரம் சென்று படிகின்றன. மிகச் சிறிய துளிகளோ பனிமூட்டம்போல் எழுந்து அடுத்த தோட்டம் வரை செல்கின்றன. கண்ணுக்குத் தெரியாத தூரத்திலும் அதன் வாடை அடிக்கிறது. இதனால்தான் அனுபவமுள்ள விவசாயி காற்றை எதிர்கொண்டு நின்று மருந்தடிப்பதில்லை. காற்று தம் முதுகுப் புறத்திலிருந்து வீசும்படி நின்றுகொள்கிறார். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிறார். குழந்தைகளை அப்பக்கம் விடுவதில்லை.

மனிதனின் வாயும் மூக்கும் இவ்வகையில் ஒரு தெளிப்பானே. இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமின்றி, பேசும்போதும் வெறுமனே மூச்சுவிடும்போதும் பல அளவுகளில் திவலைகள் வெளிவருகின்றன. இவற்றை மைக்ரான் என்னும் அளவால் அளப்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். அசைவற்ற காற்றில், ஐந்தடி உயரத்திலிருந்து 100 மைக்ரான் அளவுள்ள திவலை சில விநாடிகளில் தரையில் விழுந்துவிடும். 5 மைக்ரான் அளவுள்ளது விழ அரைமணி நேரம் ஆகும். 1 மைக்ரான் அளவுள்ளதோ அரை நாள்வரை மிதந்துகொண்டிருக்கும். கொரோனா வைரஸின் குறுக்களவு சுமார் 0.1 மைக்ரானே ஆதலால், இந்நுண்ணிய திவலைகளிலும் அது தாராளமாக ஏறிச் செல்ல இயலும். நோயாளி எழுந்து சென்ற பிறகும் அவர் விட்ட மூச்சு அறையில் நிற்கிறது என்பதே இதன் பொருள்.

பல் வைத்திய அறையில் நிகழ்வது என்ன?

சொத்தைப் பல்லைக் குடையும் கருவி நிமிஷத்துக்கு 3 இலட்சம் முதல் 4 இலட்சம் வரை சுழலக்கூடியது. அத்தனை வேகத்தில் பல் சூடேறாமல் இருக்க அதன் முனையில் நீர் பீய்ச்சப்படுகிறது. பற்காரையை அகற்றும் கருவியின் முனை விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது; அதற்கும் நீர் வேண்டும். பல்லைக் கழுவி உலர்த்தக் காற்றையும் நீரையும் சேர்த்துப் பீய்ச்சும் குழலும் உண்டு. இம்மூன்றும் வாயிலுள்ள உமிழ்நீருடன் கலந்து மெல்லிய நீர்ப்புகையை எழுப்புகின்றன. ஆனால் வாயைப் பரிசோதித்தல், குறடால் பல்லைப் பிடுங்குதல், கைக்கருவியால் காரை சுரண்டுதல் போன்ற வேலைகளில் இத்தகைய நீர்ப்புகை அதிகம் எழுவதில்லை. ஆகவே எல்லாப் பல் சிகிச்சையும் ஒரே அளவு கவலைக்குரியது அன்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அச்சமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா

இவ்வளவையும் கேட்டபின், பல் வைத்தியசாலைக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று யாரேனும் எண்ணினால் அது தவறு. அமெரிக்க நாட்டில் 2020 ஜூன் மாதம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பல் வைத்தியர்களிடம் நடத்திய ஆய்வில், அதுவரை கொரோனா கண்டவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே எனத் தெரிந்தது. அவர்களிற் பெரும்பாலோர் பாதுகாப்பு முறைகளை ஒழுங்காகக் கைக்கொண்டவர்கள். அந்நாட்டின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, பல் சிகிச்சையில் எழும் நீர்ப்புகையில் காணப்பட்ட நுண்ணுயிர்கள் பெரும்பாலும் கருவியிலிருந்து வந்த நீரைச் சேர்ந்தவை. உமிழ்நீரின் பங்கு குறைவு.

இவற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, முறையாக நடத்தப்படும் பல் வைத்தியசாலை அஞ்சத்தக்க இடம் அன்று. இரண்டாவது, கருவியின் நீர்ப்புகையை மட்டும் பார்த்துக்கொண்டு, நோயாளிகளும் உடன் வந்தவர்களும் நெருங்கி அமர்ந்து பேசியும் இருமியும் கொண்டிருக்கும் காத்திருப்பு அறையை மறந்துவிடலாகாது. நாற்காலியில் ஒருவர் இருக்க, வெளியே இருபது பேர் அடைத்த அறையில் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் அபாயம் எங்கே அதிகம் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

பல் நோயைத் தள்ளிப்போடுவதும் சிறு விஷயம் அன்று. சொத்தைப் பல்லின் அடியில் கட்டும் சீழ் தாடைக்கும் கழுத்துக்கும் பரவி உயிருக்கே உலை வைக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வபாயம் இன்னும் அதிகம். நோய்த்தொற்றைத் தடுப்பதன் நோக்கமே, மக்கள் அச்சமின்றி வேளையில் வந்து சிகிச்சை பெற வேண்டும் என்பதுதான்.

மடையும் வடிகாலும்

முல்லைப் பெரியாற்று நீரால் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில், வயலுக்கு மடை மட்டும் போதாது, வடிகாலும் வேண்டும் என்பதைச் சிறுவனும் அறிவான். வடிகால் இல்லாத வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். ஓர் அறைக்கும் இது பொருந்தும். ஒரே சுவரில் ஒரு ஜன்னலை மட்டும் வைத்தால் காற்று உள்ளே வரத் தயங்கும். வந்ததும் வெளியேற வழி காணாது. எதிரெதிர்ச் சுவர்களில் இரு திறப்புகள் இருந்தால் ஒன்று மடையாகவும் மற்றொன்று வடிகாலாகவும் அமைந்து, காற்று அறையைக் குறுக்கே கடந்து செல்லும்.

நல்ல காற்றே மருந்து என்னும் கருத்து நம் மாநிலத்துக்குப் புதிதன்று. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காகத் திறந்தவெளிக் காற்றை அடிப்படையாகக் கொண்ட சானடோரியத்தை ஏற்படுத்தினார். அவ்விடம் இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்தபின் அம்முறையின் நினைவு மங்கிற்று. ஆயினும் அடைத்த அறையின் காற்று நோயைப் பெருக்கும் என்ற உண்மை மாறவில்லை.

காற்றோட்டத்தை அளப்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று எத்தனை முறை உள்ளே வந்து செல்கிறது என்பதே அக்கணக்கு. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு 1,000 கன அடி. நிமிஷத்துக்கு 200 கன அடி காற்றை வெளியேற்றும் விசிறி ஒரு மணி நேரத்தில் 12,000 கன அடியை வெளியேற்றும். அதாவது 12 முறை காற்று மாறும். மெட்ரிக் கணக்கில் இது மணிக்கு சுமார் 340 கனமீட்டர். விசிறி வாங்கும்போது அதன் பெட்டியின் மேல் இவ்வளவு குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வாங்கலாம்.

ஒருமுறை காற்று மாறினால் பழைய காற்று முழுவதும் போய்விடுவதில்லை. புதுக்காற்றும் பழங்காற்றும் கலந்தே வெளியேறுகின்றன. உவர் ஏறிய நிலத்துக்கு நல்ல நீரைப் பாய்ச்சி வடிக்கும்போது உப்பு படிப்படியாகக் குறைவதைப் போன்றது இது. காற்று நன்கு கலக்கும் அறையில், மணிக்கு 12 முறை காற்று மாறினால் மிதக்கும் துகள்களில் நூற்றுக்கு 99 பங்கு வெளியேறச் சுமார் 23 நிமிஷம் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிஷம் ஆகும். 2 முறையே மாறும் அடைத்த அறையில் 138 நிமிஷம், அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீர்ப்புகை எழும் சிகிச்சை முடிந்தபின் அடுத்த நோயாளியை உடனே அழைக்காமல் வைத்தியர் சிறிது நேரம் காக்க வைப்பதன் காரணம் இதுவே. காற்றோட்டம் மிகுந்தால் அக்காத்திருப்பும் குறையும். வைத்தியரின் காலமும் மிஞ்சும், கூலியை விட்டு வந்தவரின் காலமும் மிஞ்சும்.

விசிறி எங்கே இருக்க வேண்டும்?

விசிறி ஓடுவதாலேயே காற்று சுத்தமாகிவிடும் என்று நினைப்பது பொதுவான ஒரு தவறு. கூரையில் தொங்கும் விசிறி அறையிலுள்ள காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும், வெளியேற்றாது. சிகிச்சை நடக்கும்போது அதனை நிறுத்திவிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுக் குறிப்புகள் கூறின. அதற்குப் பதிலாக மேசை விசிறி ஒன்றை வைத்தியரின் பின்புறம் வைத்து, காற்று வைத்தியரைக் கடந்து நோயாளியின் பக்கம் செல்லுமாறும், நோயாளிக்கு அப்பாலுள்ள சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி அதனை இழுத்து வெளியே தள்ளுமாறும் அமைக்கலாம் என்பது அக்குறிப்புகளின் யோசனை. காற்று முதுகுப்புறம் வர நின்று மருந்தடிக்கும் விவசாயியின் முறையும் இதுவும் ஒன்றே.

எக்ஸாஸ்ட் விசிறி காற்றைத் திறந்த வெளியில் விட வேண்டும். காத்திருப்பவர் அமரும் தாழ்வாரத்திலோ அடுத்த அறையிலோ விட்டால், நோயை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் கொட்டுவதாகும். விசிறிக்கு எதிர்ப்புறத்தில் காற்று உள்ளே வர ஒரு திறப்பும் இருத்தல் அவசியம்; எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு விசிறியை ஓடவிட்டால் அது வீணே சுழலும்.

நமது பள்ளத்தாக்குக்கென ஒரு குறிப்பும் உண்டு. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக் கணவாய் வழியாக மேல்காற்று இங்குப் பலமாக வீசுகிறது. காற்றாலைகள் இம்மாவட்டத்தில் நிறுவப்பட்டதும் இதனாலேயே. மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் விசிறியைப் பொருத்தினால் அம்மாதங்களில் அது எதிர்காற்றுடன் போராடித் தோற்கும். மேற்கில் ஜன்னலும் கிழக்கில் விசிறியுமாக அமைத்தால் இயற்கையே துணை செய்யும். மின்சாரம் நின்றாலும் காற்று நில்லாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் குளிருக்கும் சாரலுக்கும் அஞ்சி ஜன்னல்களை அடைப்பது வழக்கம். ஜன்னலுக்கு மேல் அகலமான சாரல் மறைப்பு அமைத்துவிட்டால் அக்காலத்திலும் திறந்து வைக்கலாம்.

குளிர்சாதனத்தைப் பற்றியும் ஒரு சொல். சுவரில் பொருத்தும் சாதாரணக் குளிர்சாதனம் அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அதனைப் பயன்படுத்தும் அறையிலும் ஜன்னலைச் சிறிது திறந்து வைத்து எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட வேண்டும். ஜன்னல் அமைக்கவே இயலாத கடைக்கட்டட அறைகளில், மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவியை வைக்கலாம். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கை அவ்வடிகட்டி நிறுத்திவிடும். அறையின் அளவுக்கு ஏற்ற கருவியாக இருத்தலும், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதலும் முக்கியம்.

வைத்தியரும் நோயாளியும்

நீர்ப்புகை எழும் இடத்திலேயே அதனைப் பிடித்துவிடுவது அனைத்திலும் சிறந்தது. வாயருகே பெருங்குழாய் உறிஞ்சியை உதவியாளர் ஒருவர் பிடித்துக்கொண்டால் வெளியே பறக்கும் திவலைகளில் பத்தில் ஒன்பது பங்கு வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிகிச்சைக்குரிய பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றவற்றை மூடும் ரப்பர் திரையும் உமிழ்நீர் கலப்பதைக் குறைக்கிறது. முதலில் கிருமிநாசினி நீரால் வாய் கொப்பளிக்கச் செய்தல் துணைமுறையாகும். வைத்தியரும் உதவியாளரும் முகத்தில் நன்கு பொருந்தும் என்-95 முகக்கவசம் அணிவது காற்றிலுள்ளதைத் தடுக்கும் கடைசி வேலி.

நீர்ப்புகையே இல்லாமல் சொத்தையை அடைக்கும் முறையும் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக 1980-களில் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் இது உருவாக்கப்பட்டது. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லுடன் ஒட்டிக்கொள்ளும் ஒருவகைச் சிமிட்டியால் குழியை அடைப்பதே அம்முறை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் இதனை ஆதரித்தது. பள்ளிக்கூடங்களில் பல் முகாம் நடத்தும்போது, சிறு சொத்தைகளுக்கு இம்முறை ஏற்றதா என வைத்தியரைக் கேட்டறியலாம்.

நோயாளியின் கடமை இவற்றுக்குக் குறைந்ததன்று. காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தால் அதனை மறைக்காமல் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி மறைப்பவர், தம் பின்னால் வரும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் தீங்கு செய்தவராவார். பல் கட்டுதல், காரை எடுத்தல் போன்றவற்றைச் சில நாட்கள் தள்ளிவைப்பதால் கேடு இல்லை. ஆனால் முகமோ கழுத்தோ வீங்குதல், வாய் திறக்க இயலாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், நில்லாத இரத்தப்போக்கு ஆகியவை கண்டால் காய்ச்சல் இருந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காய்ச்சல் உள்ளதென முன்னதாகத் தெரிவித்துவிட்டு உடனே செல்ல வேண்டும். அவசரமாயின் 108 ஆம்புலன்சை அழைக்கலாம். ஆலோசனைக்கு 104 என்னும் எண் இருக்கிறது. நோயாளி ஒருவருக்குத் துணையாக ஒருவர் போதும். குடும்பத்துடன் திரண்டு செல்வது அன்புக்கு அடையாளமாயினும் காற்றுக்குப் பகையாகும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

1. ஊராட்சி ஒன்றியத்தின் வாயிலாகச் சுகாதாரக் கட்டடம் எழும்பும்போது, வரைபடத்தைப் பார்த்து எதிரெதிர் ஜன்னல்களும் மேல்மட்டத் திறப்புகளும் உள்ளனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியபின் சுவரை இடிப்பதைவிட, கோடு போடும்போது திருத்துவது எளிது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையுள்ள ஐந்தாண்டுகளுக்கு உள்ளாட்சிகளின் மூலம் சுகாதாரத்துக்கென 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. இத்தகைய நிதிகளால் எழும் கட்டடங்களில் காற்றோட்டமும் ஒரு தகுதியாகக் கருதப்பட வேண்டும்.

2. இருக்கும் கட்டடங்களில் அடைபட்ட ஜன்னல்களைத் திறக்கச் செய்யலாம். பல இடங்களில் ஜன்னல் இருந்தும் அதன் முன் பீரோவோ பழைய மேசையோ நிற்கக் காண்கிறோம். கொசுவலையில் தூசி படிந்தால் காற்று பாதியாகக் குறையும். மாதம் ஒருமுறை அதனைக் கழுவ ஏற்பாடு செய்யலாம்.

3. காத்திருப்போருக்கென வெளியே கூரையிட்ட திறந்த தாழ்வாரம் அமைக்கலாம். அது அமையும்வரை வேப்பமரத்து நிழலும் நான்கு பெஞ்சுகளும் போதும். திறந்தவெளியில் மிதக்கும் மூச்சு கணத்தில் கலைந்துவிடும்.

4. சந்தை நாட்களில் கிராம மக்கள் சந்தையையும் வைத்தியத்தையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ள விரும்புவர். அந்நாட்களில் கூட்டம் சேராதபடி வில்லை முறையையோ தொலைபேசியில் நேரம் குறித்துக்கொள்ளும் முறையையோ வைத்தியர்களுடன் கலந்து ஏற்படுத்தலாம்.

5. பள்ளிப் பல் முகாம்களை வகுப்பறைக்குள் நடத்தாமல் வராந்தாவிலோ மரத்தடியிலோ நடத்தச் சொல்லலாம். நீர்ப்புகை எழும் சிகிச்சைகளை முகாமில் செய்யாமல் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது நலம்.

6. காற்றோட்டத்தைச் சோதிக்கக் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளிக்காற்றில் பத்து இலட்சத்துக்கு 420 பங்கு அளவில் உள்ள அவ்வாயு, மனிதர் மூச்சால் அடைத்த அறையில் பெருகுகிறது. 800-க்குள் இருந்தால் காற்றோட்டம் நன்று. 1,000-ஐ மிகவும் தாண்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று பொருள். ஒன்றியத்துக்கு ஒரு கருவி வாங்கி, சுகாதார நிலையங்களிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் முறைவைத்துச் சோதிக்கலாம்.

7. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் ஒன்றிலேனும், மழைக்காலத்துக்கு முன்பாக, இவ்விஷயத்தைச் சுகாதார ஆய்வாளரைக் கொண்டு விளக்கச் செய்யலாம்.

தனியார் வைத்தியசாலைகளை அதட்டிப் பார்ப்பது இங்குக் கூறப்படும் யோசனை அன்று. "ஐயா, காற்று எந்த வழியாக வெளியே போகிறது?" என்று மரியாதையுடன் கேட்கும் நோயாளிகள் பெருகினால், அக்கேள்விக்கு விடை சொல்லும் வகையில் அறைகளும் தாமே திருந்தும்.

இங்குச் சொன்னவை கொரோனா ஒன்றுக்காக மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் அந்நோய் குறித்த உலக அவசரநிலையை 2023 மே மாதம் 5-ஆம் தேதி முடித்துக்கொண்டது. ஆனால் இன்புளூயன்சா ஆண்டுதோறும் வருகிறது. தட்டம்மையும் காசநோயும் காற்றின் வழியாகவே பரவுகின்றன. நாளை பெயர் தெரியாத மற்றொரு நோயும் அதே வழியில் வரலாம். கிணற்றையும் குழாயையும் பாதுகாத்து, குடிநீரால் பரவும் நோய்களைப் பஞ்சாயத்துகள் பெரிதும் கட்டுப்படுத்தியுள்ளன. குடிக்கும் நீருக்குக் காட்டிய அக்கறையைச் சுவாசிக்கும் காற்றுக்கும் காட்டுவோமாக. முதற்கட்டமாக, தத்தம் ஊரிலுள்ள சுகாதாரக் கட்டடத்துக்கு இவ்வாரமே சென்று, அடைபட்டுக் கிடக்கும் ஜன்னல் ஒன்றையாவது திறந்துவிடுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.